கைதவறாக் கலை: மார்கரீத்தா மாமூனின் ஆடுகள வாழ்வு

   

இலக்கிய வட்டமொன்றின் பத்தாம் ஆண்டு நிறைவில், ரஷ்ய நாட்டு விளையாட்டு வீராங்கனை ஒருவரின் வாழ்வைப் பேசுபொருளாகக் கொள்வது பொருந்துமா என்னும் வினா எழக்கூடும். ஆட்டத்தையும் பாட்டையும் ஒருங்குவைத்துக் கண்டது தமிழ் மரபு. பெருங்கதையின் வத்தவ காண்டத்தில் ‘பந்தடி கண்டது’ என்றே ஒரு பகுதி உண்டு. மகளிர் ஒருவர்பின் ஒருவராக வந்து பந்தாடுவதும், அடித்த முறைகளை எண்ணிச் சொல்வதும், ஒருவரை ஒருவர் விஞ்சுவதும் அங்கே விரிவாகப் பேசப்படுகின்றன. சிலப்பதிகாரத்து மாதவி ஐந்தாம் அகவையில் பயிற்சி தொடங்கி, ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் அகவையில் அரங்கேறினாள். ஆதலின், பந்தும் வளையமும் ஏந்தி இசைக்கேற்ப ஆடும் ஒரு பெண்ணின் வரலாறு இந்த அவைக்கு அயலானதன்று.

கலையும் அதன் கருவிகளும்

‘ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ்’ என வழங்கும் இக்கலையை இசைவழிச் சீருடற்கலை எனலாம். 13 மீட்டர் நீளமும் 13 மீட்டர் அகலமும் கொண்ட விரிப்பே இதன் அரங்கம். ஓர் ஆட்டத்திற்குரிய காலம் 75 நொடி முதல் 90 நொடி வரை. வளையம், பந்து, இணைக் கர்லாக்கட்டை, நாடா ஆகிய நான்கும் தனிநபர் போட்டிக்குரிய கருவிகள். ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி ஆட்டம், தனித்தனி இசை, தனித்தனி இலக்கணம் உண்டு. பந்தை விரல்களால் இறுகப் பற்றுதல் குற்றம். அது உள்ளங்கையில் இயல்பாகத் தங்குதல் வேண்டும். 6 மீட்டர் நீளமுள்ள நாடா முடிச்சு விழாமல், ஓய்ந்து கிடக்காமல், அலையாகவும் சுருளாகவும் இயங்கிக்கொண்டே இருத்தல் வேண்டும். கருவியை வான்நோக்கி எறிந்துவிட்டு, ஆடுபவர் உருண்டும் சுழன்றும் எழுந்து, அது இறங்கும் இடத்தில் அதனை ஏற்கிறார். எறிதலும் ஏற்றலும் இக்கலையின் உயிர்நிலை. கருவி கீழே விழுமாயின், அதனைக் காண்பதற்கு நடுவரின் கண் வேண்டியதில்லை. அரங்கின் கடைசி வரிசையில் இருப்பவரும் கண்டுவிடுவர்.

நான்கு கருவிகளுள் கர்லாக்கட்டைக்கு ஒரு தனி வரலாறு உண்டு. இந்திய மல்லர்களின் பயிற்சிக் கூடங்களில் சுழற்றப்பட்ட கட்டையைக் கண்ட பிரித்தானியப் படையினர் 19ஆம் நூற்றாண்டில் அதனைத் தம் நாட்டிற்குக் கொண்டு சென்றனர். ஐரோப்பிய உடற்பயிற்சி முறைகளில் அது இடம்பெற்றது. எடை குறைந்து, வடிவம் மெலிந்து, பின்னர் மகளிர் கையில் ஆடற்கருவியாயிற்று. இக்கட்டையே இந்த வரலாற்றின் திருப்புமுனையிலும் வந்து நிற்கிறது என்பதால் அதனை ஈண்டு நினைவுகூர்தல் தகும்.

1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் இக்கலை முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. 2000ஆம் ஆண்டு சிட்னியில் யூலியா பார்சுகோவா, 2004இல் ஏதென்சில் அலினா கபாயேவா, 2008இல் பெய்ஜிங்கிலும் 2012இல் இலண்டனிலும் எவ்கேனியா கனாயேவா எனத் தனிநபர் தங்கம் தொடர்ந்து ரஷ்யாவிற்கே சென்றது. அந்நாட்டில் ஒரு சிறுமி இக்கலையைத் தொடங்கும்போதே இத்துணைப் பெயர்களையும் தோளில் சுமந்துகொண்டுதான் தொடங்குகிறாள்.

தோற்றமும் தொடக்கமும்

மார்கரீத்தா மாமூன் 1995ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மாஸ்கோவில் பிறந்தார். நெருங்கியோர் அவரை ரீத்தா என அழைப்பர். தந்தை வங்கதேசத்தின் ராஜ்சாஹிப் பகுதியைச் சேர்ந்த கடற்பொறியாளர். தாய் ரஷ்யர், இளமையில் இதே சீருடற்கலையைப் பயின்றவர். ரீத்தா ஏழாம் அகவையில் பயிற்சியைத் தொடங்கினார். இளையோர் நிலையில் சிறிது காலம் தந்தை நாடான வங்கதேசத்தின் பெயரில் ஆடினார். பின்னர் ரஷ்யாவின் சார்பிலேயே ஆடுவது என முடிவாயிற்று. ஆயினும் வங்க நிலத்தின் தொடர்பு அவர் பெயரை விட்டு நீங்கவில்லை. கரிய கூந்தலும் கூர்ந்த நோக்கும் உடைய அவரை ரஷ்ய ஏடுகள் ‘வங்கப் பெண்புலி’ எனப் பட்டம் சூட்டி எழுதின.

அவரை உருவாக்கிய ஆசிரியர் அமினா ஜரிப்போவா. இவர் 1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றவர். ஒலிம்பிக்கில் மூன்றாம் இடத்திற்குப் பதக்கம் உண்டு. நான்காம் இடத்திற்கு ஏதுமில்லை. பதக்கத்தின் வாயில்வரை சென்று திரும்பிய ஒருவர், தம் மாணவியை அவ்வாயிலைக் கடப்பிக்க முனைந்தார் என்பது நோக்கத்தக்கது. இருவர்க்கும் மேலே ரஷ்ய அணியின் தலைமைப் பயிற்சியாளராக இரீனா வீனர் விளங்கினார். கண்டிப்பிற்குப் பெயர்பெற்றவர் அவர். மாஸ்கோவை அடுத்த நோவோகோர்ஸ்க் பயிற்சி மையத்தில் அணியினர் தங்கிப் பயின்றனர்.

கனாயேவா 2012இல் களத்தினின்று விலகினார். அவர் விட்டுச்சென்ற இடத்தை நிரப்புவோர் யார் என்னும் வினாவிற்கு ரஷ்யாவில் இரண்டு விடைகள் இருந்தன. ஒருவர் ரீத்தா. மற்றவர் அவரினும் ஏறத்தாழ இரண்டாண்டு இளையவரான யானா குத்ரியாவ்த்சேவா.

கீவ் நகரில் கற்ற பாடம்

2013ஆம் ஆண்டு ரீத்தா கசான் நகரில் நடைபெற்ற உலகப் பல்கலைக்கழக விளையாட்டு விழாவில் தங்கம் வென்றார். அதே ஆண்டு கீவ் நகரில் உலகப் போட்டி நடைபெற்றது. தனித்தனிக் கருவிகளுக்குரிய இறுதிப் போட்டிகளில் அவர் தங்கம் பெற்றார். நான்கு கருவிகளையும் கூட்டிப் பார்க்கும் முழுநிலைப் போட்டியிலோ தவறுகள் நேர்ந்தன. முதல் மூவருள் அவர் பெயர் இல்லை. அதே போட்டியில் முழுநிலைப் பட்டத்தை வென்றவர் யானா. அப்போது அவருக்கு அகவை 15. இக்கலையின் வரலாற்றில் அத்துணை இளம் பருவத்தில் முழுநிலை உலகப் பட்டம் பெற்றவர் அவரே.

ஒரு கருவியில் உலகின் முதல்வராக இருத்தல் வேறு; நான்கிலும் நிலைகுலையாதிருத்தல் வேறு. தனிப்பாடல் ஒன்றினால் புகழ்பெற்ற புலவர், நீண்டதொரு காப்பியத்தை எழுதி முடிக்கும்போது வேறொரு தேர்வை எதிர்கொள்கிறார். ஓரிடத்தில் ஒளிரும் அழகு போதுமா, நெடுகிலும் தளராத ஓட்டம் வேண்டுமா என்பதே அத்தேர்வு. கீவில் ரீத்தா தோற்றது இரண்டாவது தேர்வில்.

அதன்பின் மூன்றாண்டுகள் அவர் பெற்றவை பெரும்பாலும் இரண்டாம் இடங்கள். 2014இல் இஸ்மீர் உலகப் போட்டியின் முழுநிலையில் யானா முதலிடம், ரீத்தா இரண்டாமிடம். 2015இல் ஸ்டுட்கார்ட் உலகப் போட்டியிலும் அவ்வாறே. 2016இல் ஹோலோன் நகரில் நடைபெற்ற ஐரோப்பியப் போட்டியிலும் அவ்வாறே. யானா தொடர்ந்து மூன்று முறை உலகப் பட்டம் வென்று, மரியா பெத்ரோவா, கனாயேவா ஆகியோரின் வரிசையில் சேர்ந்தார். இருவரும் ஒரே நாட்டினர். ஒரே கூடத்தில் பயின்றவர். ஒரே தலைமைக்குக் கீழ் இருந்தவர். முதலிடத்தவரை நாள்தோறும் பக்கத்திலேயே பார்த்துக்கொண்டு இரண்டாமிடத்தில் நிலைத்திருப்பது எத்தகைய மனநிலையைக் கோரும் என்பதை எழுதுவோர் உணர்வர். தம் காலத்திலேயே, தம் ஊரிலேயே, தம்மினும் சிறந்தவர் எனப் போற்றப்படும் ஒருவரின் அருகிருந்து எழுதிய கவிஞர்கள் எம்மொழியிலும் உண்டு.

ரியோ: நான்கு ஆட்டங்களின் கணக்கு

2016ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள் ரியோ டி ஜெனீரோவில் ஒலிம்பிக் இறுதிப் போட்டி நடைபெற்றது. அக்காலத்து விதிப்படி ஆட்டத்தின் அருமைக்கு 10, செய்நேர்த்திக்கு 10 என ஓர் ஆட்டத்திற்கு மொத்தம் 20 புள்ளிகள். தகுதிச் சுற்றில் ரீத்தா முதலிடம் பெற்றிருந்தார். ஆயினும் இறுதிப் போட்டியின் கணக்கு புதிதாகவே தொடங்கியது.

முதலில் வளையம். யானா 19.225, ரீத்தா 19.050. அடுத்துப் பந்து. யானா 19.250, ரீத்தா 19.150. இரண்டு கருவிகள் முடிந்த நிலையில் யானா 0.275 புள்ளி முன்னிலையில் இருந்தார். மூன்றாண்டுகளாக இருந்துவந்த வரிசைமுறை அன்றும் மாறாது என்றே தோன்றியது.

மூன்றாவது கர்லாக்கட்டை. யானா தம் ஆட்டத்தை அழகுற ஆடி வந்தார். இறுதி எறிதல், அதனை ஏற்பதோடு ஆட்டம் நிறைவுறும். கட்டை கைக்கு வந்து சேரவில்லை, தரையில் விழுந்தது. அவர் பெற்றது 17.883. ரீத்தா அதே கருவியில் 19.050 பெற்றார். ஒரு கட்டை விழுந்த கணத்தில் மூன்றாண்டு வரிசைமுறை தலைகீழாயிற்று.

இறுதியாக நாடா. ரீத்தா 19.233 பெற்றார், அன்று அவர் ஆடிய நான்கனுள் இதுவே உயர்ந்தது. மொத்தம் 76.483. யானாவின் மொத்தம் 75.608. உக்ரைனின் கான்னா ரிசாத்தினோவா 73.583 பெற்று மூன்றாமிடம் வந்தார்.

இக்கணக்கை ஊன்றி நோக்குவார்க்கு வியப்பொன்று காத்திருக்கிறது. நாடா ஆட்டத்தில் யானா பெற்றது 19.250. கட்டை விழுந்து தங்கம் கைநழுவிய பின்னரும், அடுத்த ஆட்டத்தில் அவர் ரீத்தாவை விட மிகுதியாகவே பெற்றார். ஆக, வளையம், பந்து, நாடா ஆகிய மூன்றிலும் மிகுதியான புள்ளி யானாவுக்கே. ரீத்தா நான்கில் மூன்றில் பின்தங்கி, ஒன்றில் மட்டும் முந்தி, ஒலிம்பிக் தங்கத்தை வென்றார்.

இவ்வெற்றி பிறர் தவற்றால் கிடைத்தது என்று கூறுவோர் உளர். கூற்று மேலோட்டமானது. கட்டையைத் தவறவிட்டவர் யானா என்பது உண்மை. ஆனால் கட்டை விழாதிருப்பதும் இக்கலையின் ஒரு பகுதியே. ரீத்தாவின் நான்கு எண்களையும் அடுக்கிப் பார்க்கலாம்: 19.050, 19.150, 19.050, 19.233. மேட்டிற்கும் பள்ளத்திற்கும் இடையே 0.2 புள்ளி அளவும் வேறுபாடு இல்லை. கீவில் நான்கையும் ஒருசேரத் தாங்க இயலாது நின்ற அதே கைகள், மூன்றாண்டுப் பயிற்சியில் நான்கையும் சிந்தாமல் ஏந்தக் கற்றுக்கொண்டன. ரியோவில் அவர் வென்றது யானாவை என்பதைக் காட்டிலும், கீவில் தோற்ற ரீத்தாவை என்பது பொருந்தும்.

தோல்வியுற்றவரின் பெருமையும் மறக்கற்பாலதன்று. உலகமே பார்த்திருக்க நேர்ந்த தவற்றிற்குப் பின், சற்றுநேரத்தில் மீண்டும் விரிப்பின்மேல் ஏறி, அன்றைய நாடா ஆட்டத்தில் தங்கம் வென்றவரையும் விஞ்சி ஆடியது எளிய செயலன்று. பதக்கப் பட்டியலில் இச்செய்தி இடம்பெறுவதில்லை. கணக்கைப் படிப்போர்க்கே அது புலப்படும்.

விதி மாறினால் கலையும் மாறும்

ரியோவின் முடிவு ரியோவின் விதிக்கு உரியது. பின்னர் அருமைப் புள்ளிக்கு மேல்வரம்பு நீக்கப்பட்டது. அரிய செயல்களை எத்துணை அடுக்கினாலும் அத்துணைப் புள்ளி கூடும் என்றாயிற்று. 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் இஸ்ரேலின் லினோய் அஷ்ராம் நாடாவைத் தவறவிட்டும் 107.800 புள்ளியுடன் தங்கம் வென்றார். ரஷ்ய வீராங்கனை தீனா அவேரினா 107.650 பெற்று இரண்டாமிடம் வந்தார். சிட்னியிலிருந்து ஐந்து ஒலிம்பிக்குகளில் தொடர்ந்த ரஷ்ய வெற்றி அங்கே நின்றது. ரஷ்யத் தரப்பு அத்தீர்ப்பைக் கடுமையாக எதிர்த்தது. ஐந்தாண்டுக்கு முன் ஒரு கட்டை விழுந்ததால் தங்கம் கைமாறியது. ஐந்தாண்டுக்குப் பின் ஒரு நாடா விழுந்தும் தங்கம் கைமாறவில்லை.

யாப்பு மாறும்போது பாட்டின் நடை மாறுவதைக் கண்டவர்களுக்கு இதில் வியப்பிராது. எதனைக் குற்றம் எனவும், எதனைச் சிறப்பு எனவும் ஒரு காலம் வகுத்துக்கொள்கிறதோ, அதற்கேற்பவே அக்காலத்துக் கலைஞர் கைகளைப் பழக்குகின்றனர். ரீத்தா தம் காலத்து இலக்கணத்தை முற்றக் கற்று, அதன் எல்லைக்குள் நின்று நிறைவெய்தியவர்.

அரங்கின் பின்புறம்

இவ்வெற்றியின் மறுபக்கத்தை உலகிற்குக் காட்டியது ஒரு திரைப்படம். போலந்து நாட்டு இயக்குநர் மார்த்தா புருஸ் எடுத்த ‘ஓவர் தி லிமிட்’ என்னும் ஆவணப்படம் 2017இல் வெளிவந்தது. ரியோவிற்கு முந்திய காலத்தில் ரீத்தாவைப் பின்தொடர்ந்து எடுக்கப்பட்ட படம் அது. விளக்கவுரை ஏதுமின்றிப் பயிற்சிக்கூடத்தை அது காட்டுகிறது. பயிற்றுநரின் கடுஞ்சொற்களும், அவற்றைக் கேட்டுக்கொண்டு மறுமொழியின்றி நிற்கும் பெண்ணின் முகமும் அதில் பதிவாகியுள்ளன. அரங்கில் புன்னகையோடு பந்தை ஏந்தும் கை, கூடத்தில் கண்ணீரைத் துடைக்கும் கையாகத் தோன்றுகிறது. அதே காலத்தில் அவருடைய தந்தை புற்றுநோயால் துன்புற்றிருந்தார். அந்தத் துயரமும் பயிற்சிக்கு நடுவேதான் வந்து சேர்கிறது.

படத்தைக் கண்டோர் இருவகையாகப் பேசினர். இத்தகைய கடுமை இல்லாமல் இத்தகைய நேர்த்தி வாராது என்றனர் ஒருசாரார். எந்தத் தங்கமும் இந்த விலைக்குத் தக்கதன்று என்றனர் மற்றொருசாரார். ரியோவின் கணக்கு இவ்விடத்தில் ஓர் உண்மையை உணர்த்துகிறது. கட்டையைத் தவறவிட்டவரும் தவறவிடாதவரும் ஒரே அணியில், ஒரே தலைமையின்கீழ்ப் பயின்றவர்களே. வெற்றிக்குக் காரணம் கடுமையே எனின், தவற்றிற்கும் அக்கடுமையே காரணம் எனல் வேண்டும். ஆகவே, பதக்கத்தைச் சான்றாகக் காட்டிக் கடுஞ்சொல்லை அறமாக்குதல் இயலாது. இளையோர்க்குக் கலை கற்பிக்கும் எவரும், கல்லூரி வகுப்பறையில் யாப்புக் கற்பிப்போர் உட்பட, மனங்கொள்ள வேண்டிய செய்தி இது. மாணவர் வென்றபின் ஆசிரியரின் முறை தானே சரியாகிவிடுவதில்லை.

ரீத்தா தங்கம் வென்ற அந்த ஆகஸ்டு மாதம் முடிவதற்குள் தந்தை மறைந்தார். வங்கதேசத்து ஏடுகள் அவ்வெற்றியைத் தம் வீட்டு விழாவாகக் கொண்டாடிய சில நாள்களில் இச்செய்தி வந்தது. அந்நாடு தன் பெயரில் இதுவரை ஒலிம்பிக் பதக்கம் எதுவும் பெற்றதில்லை. அந்நாட்டில் பிறந்த ஒரு தந்தையின் மகள் வேறொரு நாட்டின் கொடியின்கீழ் நின்று வென்ற தங்கத்தை அம்மக்கள் தமதாகவே கருதினர். மகிழ்ச்சியும் இழப்பும் ஒரே கிழமையில் ஒரே வீட்டின் வாயிலில் வந்து நின்றன.

விடைபெறுதல்

யானா 2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில், 19ஆம் அகவையில் ஓய்வை அறிவித்தார். ரீத்தா 2017 செப்டம்பரில் ரஷ்ய நீச்சல் வீரர் அலெக்சாந்தர் சுகோருகோவை மணந்தார். நவம்பரில் தம் ஓய்வை முறைப்படி அறிவித்தார். அப்போது அவருக்கு 22 அகவை நிறைந்திருந்தது. 2019இல் ஒரு மகனுக்குத் தாயானார். உலகப் போட்டிகளில் 7 தங்கமும், ஒலிம்பிக்கில் 1 தங்கமும் அவர் ஈட்டியவை.

எழுதும் கலைஞர்க்குக் காலம் கருணை காட்டுகிறது. 22ஆம் அகவையில் கவிஞர் ஒருவர் தம் முதல் தொகுப்பையே வெளியிடாதிருக்கலாம். 70ஆம் அகவையில் தம் சிறந்த பாடலை எழுதவும் கூடும். எழுதிய அடியில் பிழை கண்டால் அடித்துத் திருத்தலாம். அச்சான பின்னும் மறுபதிப்பில் மாற்றலாம். விரிப்பின்மேல் ஆடுபவர்க்கு இவ்வாய்ப்புகள் இல்லை. 90 நொடிக்குள் சொல்ல வேண்டியது அனைத்தையும் சொல்லி முடித்தல் வேண்டும். எறிந்ததை ஏற்றே ஆதல் வேண்டும். விழுந்ததைத் திருத்தி எழுதுவதற்கு இரண்டாம் படி கிடையாது.

திருத்தும் வாய்ப்பைப் பெற்ற கவிஞர்கள், அவ்வாய்ப்பை எந்த அளவு பயன்படுத்துகின்றனர் என்பது இந்த வாழ்வு எழுப்பும் வினா. ஒரு பாடலின் மூன்று பகுதிகள் ஒளிர்ந்து, நான்காவது தளர்ந்தால், அது முழுமையான பாடலாகாது. எந்த அடியிலும் உச்சத்தைத் தொடாவிடினும், எந்த அடியிலும் கைநழுவவிடாத பாடல் நிற்கும். ரியோவில் ரீத்தா பெற்ற நான்கு எண்களும் உரைப்பது அதனையே.

பத்தாண்டுகளாகப் பிறர் பாடலைக் கேட்டும், தம் பாடலைத் திருத்தியும் கூடிவரும் இந்த வட்டத்தின் கவிஞர்கள், எறிந்த சொல்லை இறுதிவரை ஏந்தும் கைகளைப் பெற்று, மேலும் பல பத்தாண்டு காண்க. வாழிய வட்டம்!